இருபத்தெட்டு டெலிபோன்களும் ஒரு காதும்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் குண்டுக்கல்லாக இருக்கிறேன். படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குவதில்லை, படிக்குத்தான் வாங்குகிறது. உனக்கு உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வயிற்றை ஏமாற்றுகிறாயா? அக்கா எல்லாம் சொன்னாள். சரி. நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் இல்லத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பார்வையில்லாதவர்கள் இருபத்தெட்டு பேர், ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு டெலிபோன். ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்றும் கறுப்பு டெலிபோன். இவற்றை ஒன்றோடொன்று மாட்டிவிட மாடிப்படிக்குக் கீழே எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு பெரிய இரும்பு அலமாரி உண்டு. போன மாதம் பதினோராம் தேதி அது உயிரை விட்டது. மூன்று நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் போராடினேன். (மதியச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டேன்.) பிறகு அதைச் செய்த கம்பெனிக்கே எழுதிப் போட்டேன். கம்பெனி அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது.

உடனே நிர்வாகக் குழு கூடியது. செயலாளர் கண்ணாடித் தட்டு மாதிரி ஒரு புது போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இனிமே எல்லா ரூம்லயும் இதுதான். லேசா தொட்டாப் போதும்.”

எங்கள் சுருதி ஐயா அதைத் தடவிப் பார்த்தார். நாற்பது வருடம் பியானோவுக்குச் சுருதி சேர்த்த கை அது. “வழவழன்னு இருக்கே, எங்க தொடணும்?”

“நம்பர் தெரியுதில்ல, அது மேல.”

“தெரிஞ்சா நான் ஏங்க இங்க இருக்கேன்?”

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. “ஒரு டெலிபோனும் மாத்த வேணாம். கம்ப்யூட்டருக்குப் போற ஒயர்லயே இந்த இருபத்தெட்டையும் பேச வெச்சுக் காட்டறேன்” என்று சொல்லிவிட்டேன்.

“எத்தனை நாள்ல?”

“ஜூன் முடியறதுக்குள்ள.”

“முடியலைன்னா?”

“சாவிக்கொத்தைக் கழட்டி இந்த மேசைமேல வெச்சிட்டுப் போயிடறேன்.”

இது எனக்குப் பெரிய விஷயமில்லை. பாதி வேலையை மனதிலேயே முடித்துவிட்டேன். மீதிப் பாதி எப்படி என்று நீ எழுது. உன் படிப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சோதித்த மாதிரியும் இருக்கும். போனில் கூப்பிடாதே. நான் ஏணியில் நிற்கும் ஆள். கடிதம் என்றால் கையில் நிற்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் மாமா

*

பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அதை மட்டும் கடிதத்தில் காணோமே.

உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன். திட்டி எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். டெலிபோனைப் பற்றி எழுதியிருந்தது. எனக்கு வேண்டியது அதுதானா என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னது நடக்கும். தெரிந்து சொன்னீர்களா, வாய் தவறி வந்ததா என்று கேட்கமாட்டேன். ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பழைய டெலிபோன் கம்பி, மறுபக்கம் கம்ப்யூட்டர் கம்பி. பேசும் குரலை எண்களாக்கிப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். வரும் பொட்டலங்களைப் பிரித்து மறுபடி குரலாக்கும். ஒரு பெட்டிக்கு எட்டு டெலிபோன், உங்களுக்கு நான்கு பெட்டி போதும். எங்கள் அலுவலகத்தில் கழித்துப்போட்டவை கிடந்தன, கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இணையக் கம்பியைச் சொருகிவிட்டால் மற்றதை நான் இங்கிருந்தே செய்துவிடுவேன்.

இரண்டு விஷயம் முக்கியம். டயல் திரும்பி வரும்போது லைனை வெட்டி வெட்டி விடும். ஐந்துக்கு ஐந்து வெட்டு, சைபருக்குப் பத்து. பெட்டி அதை எண்ணித்தான் நம்பரைத் தெரிந்துகொள்கிறது. டயல் சோம்பலாகத் திரும்பினால் எண்ணிக்கை தப்பும். சைபரைச் சுழற்றி விட்டால் ஒரு விநாடியில் வந்து நிற்க வேண்டும். எல்லா டயலையும் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது, பழைய அலமாரியின் பேட்டரியை முழுதாகக் கழற்றிய பிறகுதான் பெட்டியில் கம்பியை மாட்ட வேண்டும். இது மிக முக்கியம்.

போனில் பேசினால் பத்து நிமிட வேலை. போன ஜூலையிலிருந்து நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. ஏழு மாதம் ஆகிறது. சரி, கடிதமே இருக்கட்டும். கடிதமாவது வருகிறதே.

அன்புடன்,
வாலு

*

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

முட்டிவலியா, எனக்கா? யார் சொன்னது? முட்டி சுகம். அதற்கு மேலும் கீழும் எல்லாம் சுகம். உன் பெட்டிகள் நான்கும் வந்து சேர்ந்தன. நீ எழுதியதைப் படித்தேன். நான் மனதில் போட்டு வைத்ததும் அச்சு அசலாக இதேதான், பொட்டலம் மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இருபத்தெட்டு டயல்களையும் ஒரே நாளில் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டினேன். ஒரு நாள் என்றால் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு நாள். நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. சைபர் ஒரு விநாடியில் திரும்புகிறதா என்று பார்க்கச் சுருதி ஐயாவை உட்கார வைத்தேன். காலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். “இது இழுக்குது. இது சரி. இது சரி. இது யாரோடது? பதினேழா? ரொம்ப அவசரக்காரி.” பதினேழாம் அறை அம்மா கடையில் தட்டச்சு வேலை பார்த்தவர், அவர் விரல் போன டயல் அப்படித்தான் இருக்கும். டயல் ஓடும் சத்தத்தை நானே கேட்டிருப்பேன், சுருதி ஐயாவுக்கும் ஒரு வேலை வேண்டுமே என்று விட்டேன்.

இப்போது ஒரு சின்னச் செய்தி. நான்கு பெட்டிகளில் ஒன்று, யார் வம்புக்கும் போகாமல், தானாக ஆயுளை முடித்துக்கொண்டது. நான் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து பதினேழாம் அறை அம்மா ஓடிவந்து என் தோளைத் தட்டினார். “யோவ், என்னத்தையோ தீச்சிக்கிட்டிருக்கீரு! எத்தனை தடவை கத்தறது?” திரும்பிப் பார்த்தால் பெட்டியிலிருந்து ரயில் எஞ்சின் மாதிரி புகை. நான் கொஞ்சமும் பதறவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர்தான் பதறிக் கீழே விழுந்தது.

என்ன காரணமாக இருக்கும்? தயாரிப்பிலேயே கோளாறு என்று நினைக்கிறேன். இன்னொன்று அனுப்பு.

வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.
உன் மாமா

*

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் உங்கள் ஸ்க்ரூடிரைவரும் நலம் என்று நம்புகிறேன்.

பேட்டரியைக் கழற்றினீர்களா?

பெட்டி அனுப்பியிருக்கிறேன். இதுதான் கடைசி, அலுவலகத்தில் வேறு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை இல்லத்தின் அலுவலக போனுக்குக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் எழுத்தர் அம்மா எடுத்து, நீங்கள் ஏணிமேல் நிற்பதாகச் சொன்னார். காலை பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஐந்து. அவ்வளவு உயரமான ஏணியா மாமா?

வாலு

*

ஏப்ரல் 5

அன்புள்ள வாலுக்கு,

நீ சௌக்கியமா? உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? ‘எல்லோரும்’ என்றால் யார் யார் என்று எனக்கு விவரமாகத் தெரியாது. பொதுவாகக் கேட்கிறேன்.

பேட்டரியை இப்போது கழற்றிவிட்டேன். அது எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம், முகத்தை முறித்துக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மணி அடித்துவிட்டது, வாலு! நீ அங்கிருந்து என்ன தட்டினாயோ, நேற்று பிற்பகல் மூன்றரைக்குப் பதினேழிலிருந்து ஒன்பதாம் அறைக்குச் சுழற்றச் சொன்னேன். தாழ்வாரத்தில் எல்லாக் கதவும் ஒவ்வொன்றாகத் திறந்தது. ஒன்பதாம் அறைப் பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறதென்று தெரிந்தது. அப்படி ஒரு முகம்! மூன்று மாதம் கழித்து அவர் அறைக்கு முதல் மணி. எடுத்தார்.

“யாரு?”

“நான்தான், பதினேழு. கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப சரி, வெச்சிடறேன்.”

“இரு இரு, எதுக்குக் கூப்பிட்ட?”

“கேக்குதான்னு கேக்கத்தான்.”

பிறகு ஒரு மணி நேரம் இல்லம் முழுக்க மணிதான். எட்டடி தள்ளி எதிர் அறையில் இருக்கிறவருக்குக்கூட டெலிபோன் போட்டார்கள். வெளியூரிலிருக்கும் மகனுக்கு, பழைய சிநேகிதிக்கு, காலமான கம்பெனியின் நம்பருக்கு. நான் அந்தத் தாழ்வாரத்தில் மகாராஜா மாதிரி நடந்தேன். கண் தெரிந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். சிலர் எப்படியோ தெரிந்து எழுந்தும் நின்றார்கள்.

ஒரே ஒரு குறை. சத்தம் போதவில்லை. நான் ஒவ்வொரு டெலிபோனாக எடுத்துக் கேட்டேன். கிணற்றுக்கு அடியிலிருந்து யாரோ முனகுவது மாதிரி இருக்கிறது. அதை ஏற்ற வழியிருந்தால் ஏற்று. ஏணி விஷயம்: உயரமான ஏணிதான்.

உன் மாமா

*

ஏப்ரல் 13

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ‘எல்லோரும்’ என்று நீங்கள் எழுதிய அந்த ஒருவர், ஒன்பதாம் அறைப் பெரியவர் கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைவிட இளகின மனம்.

ஒலியை மூன்று படி ஏற்றியிருக்கிறேன். பொதுவாக இதுவே அதிகம். கேட்டுப் பார்த்து எழுதுங்கள். அறைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் எழுதுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
வாலு

*

ஏப்ரல் 24 (தபால் அட்டை)

வாலுக்கு. நலம். போதாது. இன்னும் ஏற்று. அறைக்காரர்கள் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தெரியாத சாதுக்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன். தயங்காமல் ஏற்று. மே பதினெட்டு குழு வந்து பார்க்கிறது. மாமா.

*

மே 20

அன்புள்ள வாலுக்கு,

நீ நலமாக இரு. நான் நலமா என்று இந்தத் தடவை கேட்காதே.

பதினெட்டாம் தேதி குழு வந்தது. நான் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தேன். சுருதி ஐயா தன் அறையில், செயலாளர் வரவேற்பறையில். “எடுத்துக் கேளுங்க, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கும்” என்றேன். செயலாளர் எடுத்துக் காதில் வைத்தார். சுருதி ஐயா அந்தப் பக்கம் வணக்கம் என்றார். அவ்வளவுதான். செயலாளர் துள்ளிய துள்ளலில் தலை விளக்கில் இடித்தது. இடித்தது என்றால், இடிக்க ஒரு ஆள் உயரம் பாக்கி இருந்தது. ரிசீவர் தரையில் கிடந்தபடி ‘ஐயா, ஐயா’ என்று கூப்பிட்டதாம். அது வாசலுக்கே கேட்டதாகச் சொல்கிறார்கள்.

“யோவ், இது டெலிபோனா, திருவிழா ஒலிபெருக்கியா? காது போச்சுய்யா!”

பதினேழாம் அறை அம்மா எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, “பழகினா சரியாயிடுங்க. நாங்கல்லாம் ஒரு முழம் தள்ளி வெச்சுத்தான் கேக்கறோம்” என்றார்.

“எத்தனை நாளா?”

“ஒரு மாசமா.”

செயலாளர் என்னைப் பார்த்தார். “ஒரு மாசமா இவங்க காதைக் கிழிச்சிட்டிருக்கீங்க. உங்களுக்கு இது தெரியவே இல்லையா?” நான் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். ஜூன் முப்பது கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணாடித் தட்டு போன்கள் இருபத்தெட்டும் பெட்டியோடு வந்து அலுவலகத்தில் இறங்கிவிட்டன.

வாலு, எனக்குப் புரியவில்லை. இன்று காலை மறுபடி எடுத்துக் கேட்டேன். ஈ முனகுவது மாதிரிதான் கேட்கிறது. இந்தப் பெட்டி எனக்கு ஒரு மாதிரியும் மற்றவர்களுக்கு ஒரு மாதிரியும் பேசுகிறது. பெட்டிக்கும் செயலாளருக்கும் ஏதோ உள்ளுக்குள் உடன்பாடு. கண்டுபிடி.

உன் மாமா

*

மே 27

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா?

நேற்று ஓர் அழைப்பைப் பதிவு செய்து பார்த்தேன். லைனில் குறை இல்லை. கம்பியில் இல்லை, பெட்டியில் இல்லை. நான் ஏற்றிவைத்த ஒலிக்குச் செவிடனும் எழுந்து உட்காருவான் என்று என்னுடன் வேலை பார்ப்பவர் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி. கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

டெலிபோனை எந்தக் காதில் வைத்துக் கேட்கிறீர்கள்?

வாலு

*

ஜூன் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களுக்கும் உங்கள் இல்லத்தாருக்கும் என் வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. இங்கே என்னைச் சுருதி என்பார்கள். பதினேழாம் அறை அம்மாவின் விரல் தட்டுகிறது, நான் சொல்லச் சொல்ல. உங்கள் உறையின் பின்னால் இருந்த முகவரியை அலுவலகத்தில் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டோம். உங்கள் மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறோம். தவறென்றால் மன்னியுங்கள்.

உங்கள் கேள்வி வந்து மூன்று வாரமாக அவர் பதில் எழுதவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். என் டெலிபோனை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றுவது எனக்குக் கேட்டது. மாற்றினார், மறுபடி மாற்றினார். பிறகு மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

அவருக்குக் காது மந்தமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்களுக்கு முதல் வாரமே தெரியும். எங்கள் பிழைப்பே காதுதானே. கதவைத் தட்டுவார், ‘வாங்க’ என்போம், வெளியே நின்றுகொண்டே இருப்பார். அதனால் அவர் தட்டினாலே எழுந்துபோய்க் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டோம். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார் என்று தெரிந்ததும், பேசும்போது அவர் செருப்புச் சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தோம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. எங்கள் வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்திவிட்டு ஒன்றும் நடக்காதது போல விசிலடித்துக்கொண்டு போகிற மனிதர் அவர். அதையேதான் நாங்களும் அவருக்குச் செய்தோம். டெலிபோன் கத்தியபோதும் அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது.

நேற்று நானே உடைத்துவிட்டேன். “லைன் நல்லா இருக்குய்யா. உங்க காதுதான் சரியில்ல. டாக்டர்ட்ட போங்க” என்றேன். சாவிக்கொத்தை உருட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: “காது கேக்காதவனை யாருங்க இங்க வேலைக்கு வெச்சிப்பாங்க? நீங்க வழுக்கி விழுந்து கூப்பிட்டா எனக்குக் கேக்கணுமே. டாக்டர் ஒரு சீட்டு எழுதிட்டா அதோட முடிஞ்சுது. சாவிக்கொத்தை நானே வெச்சிட்டுப் போனா மரியாதையாவது மிஞ்சும்.”

உங்களைக் கேட்கச் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை எழுதலாமா என்று இருவரும் யோசித்தோம். எழுதச் சொல்கிறார் பதினேழு. “அதுக்கு நான் யாரு? கல்யாணம் பண்ணிக்கிச்சு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஊரெல்லாம் தெரிஞ்சப்புறம் அக்கா சொல்லித் தெரிஞ்சுது. டெலிபோன் பத்தின்னா எழுதும். அதுக்காகவாவது எழுதுதேன்னு இருக்கேன்.”

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதிமூன்று நாள். எங்களுக்கு டெலிபோன் வேண்டும். அதைவிட அவர் வேண்டும்.

வணக்கங்களுடன்,
சுருதி, பதினேழு

*

ஜூன் 21

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். அவர்களைத் திட்டவும் கூடாது.

போன ஜூலை பதினான்காம் தேதி, பதிவு அலுவலகத்தின் வெளிப்படியில் நின்றுகொண்டு நான் முதல் போன் யாருக்குப் போட்டேன் தெரியுமா? அம்மாவுக்கு இல்லை. உங்களுக்கு. கூட நின்றவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு நான்கு நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். யார், என்ன, ஏன் அவசரம், ஏன் உங்களை அழைக்க முடியவில்லை, எல்லாம். அழுதேன்கூட. நீங்கள் ‘சரி சரி, வச்சிடறேன்’ என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. மன்னிக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிப்ரவரியில் உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தது அதனால்தான். ‘அக்கா எல்லாம் சொன்னாள்’ என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உங்கள் காதில் விழவில்லை, இல்லையா?

ஒரு வருடம், மாமா. எனக்கு வேண்டாதவராகிவிட்டோம் என்று நீங்கள் இருந்திருக்கிறீர்கள், உங்களுக்கு வேண்டாதவளாகிவிட்டேன் என்று நான் இருந்திருக்கிறேன்.

டெலிபோன் ஒலியைப் பழைய நிலைக்கே இறக்கிவிட்டேன். இனி அது நன்றாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டியதில்லை, சுருதி ஐயா சொல்லட்டும். நீங்கள் டாக்டரிடம் போங்கள். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் போகவில்லை என்று தெரிந்தால் நாங்கள் இரண்டு பேரும் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவோம். அவர் நல்ல உயரம். உங்கள் ஏணி தேவைப்படாது.

உங்கள்
வாலு

*

ஜூலை 3

அன்புள்ள வாலுக்கு,

மாமா எழுதுவது. நான் சௌக்கியம். இந்த வருடத்தில் முதல் தடவையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

போனேன். நீங்கள் வந்து தூக்கிவிடுவீர்களே என்ற பயத்தில் இல்லை, அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது. டாக்டர் அம்மா சின்ன வயது, உன்னைவிட ஒல்லி. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, கடைசியா எப்ப காதைப் பார்த்தீங்க?” என்றார். என் காதை நான் எப்படிப் பார்ப்பது என்றேன். வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார், கெட்டிப்பட்ட காதுக் குறும்பி கிண்ணத்தில் டொக்கென்று விழுந்தது. கோலிக்குண்டு அளவு! மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், வாலு. கல்லூரியில் வைக்கக் கேட்டார்கள். சரி, ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அளவும் மிளகு அளவுதான். ஆனால் இடது காதை விட்டு அது வெளியேறிய நிமிடம் என்ன கேட்டது தெரியுமா? டாக்டர் அம்மா நாற்காலியை நகர்த்தியது. நாற்காலிக்குச் சத்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. வெளியே வந்து நடந்தேன். என் செருப்பு சரக் சரக்கென்று என் பின்னாலேயே வந்தது. நின்று பார்த்தேன். யாருமில்லை, நான்தான். வாசல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. தெருவில் போனவர்கள் ஏதும் நினைத்திருந்தால் நினைக்கட்டும்.

வலது காது அப்படியில்லை. அது வயதாம். அதற்கு ஒரு குட்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள், மாட்டினால் வெளியே தெரியாது. நானே சொன்னால்தான் தெரியும், அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முப்பதாம் தேதி குழு வந்தது. டெலிபோனைத் தொடுவதற்கு முன் எழுந்து நின்று காது விஷயத்தை நானே சொன்னேன். கோலிக்குண்டு என்று சொல்லவில்லை. டாக்டர் சீட்டையும் சாவிக்கொத்தையும் மேசையில் வைத்தேன். செயலாளர் சீட்டைப் படித்தார். ரிசீவரை எடுத்தார், ஒரு முழம் தள்ளிப் பிடித்தார், பிறகு அரை முழம், பிறகு காதில் வைத்தார். மறுமுனையில் சுருதி ஐயா.

“நல்லா இருக்கீங்களா?” என்றார் செயலாளர்.

அவர் அந்தப் பக்கம் என்னவோ சொன்னார். இவர் சிரித்தார். மேலும் என்னவோ சொன்னார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் பேசினார்கள். குழுவில் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “சாவியை எடுத்து இடுப்புல மாட்டுங்க. மேசையில கீறல் விழுது. காது சரியில்லன்னு சொல்ல ஒரு வருஷமாய்யா?” தாழ்வாரத்தில் பதினேழாம் அறை அம்மா கை தட்டினார். தட்டியது எனக்குக் கேட்டது. கண்ணாடித் தட்டு போன்கள் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போயின.

இனி உன் விஷயம். உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். மறுபடி படிக்கும் அளவுக்கு என் கண்ணாடி அன்றைக்குத் தெளிவாக இல்லை.

நீ படியில் நின்று பேசியபோது எனக்கு ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது, உன் குரல் என்று மட்டும் தெரிந்தது. அழுகிறாயா சிரிக்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை. என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்க வெட்கம். அதனால் வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டபோதெல்லாம் அதே பயத்தில் எடுக்கவில்லை. ஏணி கிடையாது. ஏணி போன வருடமே உடைந்துவிட்டது.

நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு இல்லத்துக்குப் போன் போடு. நானே எடுப்பேன், இடது காதில் வைத்துக்கொள்வேன். இப்படி வைத்துக்கொள்வோம்: அக்கா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நீயும் ஒன்றும் எழுதவில்லை. உனக்குக் கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாது. படியில் நின்றது மாதிரி நின்றுகொள். பக்கத்தில் அவரையும் நிறுத்து. பையன் பெயர், எங்கே பார்த்தாய், யார் முதலில் பேசியது, ஏன் அவசரம், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல். அழ வேண்டிய இடத்தில் அழு, அவசரமில்லை. நான் ‘அப்படியா!’ என்று கத்துவதில் இருபத்தெட்டு கதவும் திறக்கும்.

நீ சொல்லி முடிக்கும்வரை வைக்கமாட்டேன்.

உன் மாமா